பார்த்தது காணும்

எங்கள் மாடிக் கட்டிடத்தில் யாருக்காவது காய்ச்சல் என்றால் அன்றைக்கு லிப்டுக்கு ஓய்வு இல்லை. கொழும்பு வெள்ளவத்தையில் வருத்தம் பார்க்கப் போவது கோயிலுக்குப் போவது மாதிரியான காரியம். வெறுங்கையோடு போகக்கூடாது. போனவுடன் திரும்பவும் கூடாது. தோடம்பழமும் விசுக்கோத்துமாகப் போய், கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எப்போது தொடங்கியது, எந்த டொக்டரிடம் காட்டினீர்கள், என்ன சொன்னார் என்று ஆதியோடந்தமாகக் கேட்க வேண்டும். நோயாளியும் ஆதியோடந்தமாகச் சொல்ல வேண்டும். அவர் சொல்லி முடித்ததும், அதே வருத்தம் வந்த தங்கள் உறவினர் ஒருவரைப் பற்றி வந்தவர்கள் சொல்லுவார்கள். அந்த உறவினர் அநேகமாகக் கடைசியில் செத்துப்போயிருப்பார்.

இந்த வழக்கத்துக்குள் அடங்காத ஒரே மனிதர் எங்கள் எதிர்வீட்டு அன்ரி. மூன்றாம் மாடியில் எங்கள் கதவுக்கு நேரே அவருடைய கதவு. எனக்கு டெங்கு வந்து சுருண்டு கிடந்தபோது அவரும் பார்க்க வந்தார். ஆனால் அறைக்குள் வரவில்லை. வாசல் நிலையோடு நின்று, "தண்ணி குடிக்கிறீரோ?" என்று கேட்டார்.

"ஓம் அன்ரி."

"அப்ப சரி. பாத்தது காணும்."

அவ்வளவுதான், போய்விட்டார். பின்னேரம் எங்கள் கதவுக் கைப்பிடியில் ஒரு துணிப்பை தொங்கியது. உள்ளே பிளாஸ்க்கில் கஞ்சி. அடுத்த நாளும் தொங்கியது, அதற்கு அடுத்த நாளும். கதவைத் தட்டும் சத்தம் மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை.

பார்த்தது போதும் என்கிற அந்தச் சொல் அவர் வாயில் எப்போதும் இருக்கும். யாராவது லண்டனில் இருக்கும் பேரப்பிள்ளையின் படங்களைப் போனில் தள்ளித் தள்ளிக் காட்டினால், முதல் படத்தை ஆறுதலாகப் பார்த்துவிட்டு, "நல்ல வடிவான பிள்ளை. பாத்தது காணும்" என்பார். தேர்த்திருவிழாவுக்கு அவர் சாமியைப் பார்க்கிறதும் அப்படித்தான். வீதியோரத்தில் நின்று ஒரு கும்பிடு, பிறகு கடலோரத் தெருவால் வீட்டுக்கு நடை. மற்றவர்கள் இதைப் பெருமை என்று எடுத்துக்கொண்டார்கள்.

என் மாமியாருக்கு அவரை அடியோடு பிடிக்காது. "கல்லு. மனுசர் எண்டா நாலு வார்த்தை கதைக்க வேணும்" என்பார். மாமி எங்களோடுதான் இருக்கிறார். கட்டிடத்தில் வருத்தம் பார்க்கப் போகும் படைக்கு அவர்தான் தளபதி. யாருக்கு என்ன வருத்தம் என்பது டொக்டருக்கு முந்தி மாமிக்குத் தெரிந்துவிடும். நல்ல மனம் அவருக்கு, அதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. ஆனால் அந்த நல்ல மனத்தால் ஒரு சத்தமும் போடாமல் இருக்க முடியாது.

அன்ரி வேலைசெய்த காலம் முழுவதும் ஒரு பெரிய டொக்டரின் அறை வாசலில் இருந்தவர். ஆட்கள் டொக்டரைச் சனல் பண்ணி, நேரம் பதிந்துவிட்டு வந்து காத்திருக்கும் இடத்தில், நம்பரைக் கூப்பிட்டு உள்ளே அனுப்புகிற வேலை. அங்கே நடந்த கதை ஒன்றை என் கணவரின் சிநேகிதர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். பெரிய இடத்து ஆள் ஒருவர் வந்து, தான் இன்னாருக்கு இன்னார், உடனே உள்ளே போகவேண்டும் என்று நின்றாராம். அன்ரி எழும்பவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை. "உள்ளுக்கை ஒரு வருத்தக்காரர் இருக்கிறார்" என்றாராம். அந்த மனிதர் மறுபடி தன் பெருமையைச் சொல்ல, மறுபடியும் அதே வசனம். மூன்றாம் தரத்துக்கு அவர் போய்க் காத்திருந்த ஆட்களோடு வாங்கில் உட்கார்ந்துவிட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யார் மணியடித்தாலும் அன்ரி சேலையை ஒழுங்காக உடுத்தாமல் கதவைத் திறக்க மாட்டார். பார்சல் கொண்டுவரும் பெடியன்கள் வாசலில் காத்து நின்று அலுத்துப்போவார்கள். வீட்டு உடுப்போடு அவரை நான் கண்டது ஒரே ஒரு முயல்குட்டியால்தான்.

பெற்றோல் வரிசைகள் எல்லாம் ஓய்ந்து, ஆட்கள் மறுபடி ஊருக்குப் போய்வரத் தொடங்கியிருந்த காலம். மாமியும் என் கணவரும் நானுமாக யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டுப் புத்தளம் வழியாகக் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒரு பாலத்தடியில், இளநீர்க் கொட்டில் ஒன்றைக் கண்டு நிறுத்தினோம். வீதியோரத்தில் மெஷினால் புல் வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் தன் தொப்பிக்குள் எதையோ ஏந்திக்கொண்டு எங்களிடம் வந்தார். காட்டு முயல்குட்டி. உள்ளங்கையில் அடங்கிவிடும். கண்கள் மட்டும் பெரிய மிருகத்தின் கண்கள். புல்லுக்குள் அசையாமல் படுத்திருந்ததில் மெஷின் அதன் பின்னங்காலைக் கிழித்திருந்தது. அந்த மனிதரின் முகத்தில் பெரிய கவலை. கொழும்பில் என்றால் டொக்டர்கள் இருப்பார்களே, இங்கே விட்டால் நாய் கொண்டுபோய்விடும் என்று சிங்களத்தில் கெஞ்சுகிற மாதிரிச் சொன்னார்.

மாமி கறுத்தக்கொழும்பான் மாம்பழப் பெட்டியைத் தன் மடியில் வைத்திருந்தார். ஊரில் இருந்து பத்திரமாகக் கொண்டுவந்த பழம், என்னைக்கூடத் தொடவிடவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் அவ்வளவையும் காலடியில் கொட்டிவிட்டுப் பெட்டியை நீட்டினார். நல்ல மனம் என்று சும்மா சொல்லவில்லை.

ஆனால் வரும் வழியெல்லாம் மாமி போனில் கதைத்துக்கொண்டே வந்தார். அதனால் நாங்கள் லிப்டில் இருந்து இறங்கும்போதே மூன்றாம் மாடி நடையில் ஆட்கள் நின்றார்கள். ஒருவர் பசுப்பாலைப் போத்தலில் நிறைத்து வந்திருந்தார். இன்னொருவர் மஞ்சள் அரைத்து வந்திருந்தார். கீழ்வீட்டு அங்கிள், "காட்டு முயலோ? நல்ல இறைச்சியெல்லோ" என்றுவிட்டு, எல்லாரும் முறைத்துப் பார்க்க, "சும்மா சொன்னனான்" என்றார். நாலைந்து போன்களின் வெளிச்சம் பெட்டிக்குள் ஒரே நேரத்தில் விழுந்தது. குட்டி மூலையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அதன் விலா எண்ண முடியாத வேகத்தில் அடித்துக்கொண்டது.

அப்போது எதிர்க்கதவு திறந்தது. நீல நிற ஹவுஸ்கோட்டோடு அன்ரி வந்து நின்றார். சேலை மாற்ற அவர் நிற்கவில்லை. ஒரு தரம் குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். பிறகு பெட்டியின் மூடியைச் சாத்தினார்.

"உங்கடை வீட்டிலை இது விடியுமட்டும் தாங்காது. இஞ்சாலை தாரும்" என்றார் என்னிடம்.

நான் கொடுத்துவிட்டேன். கதவு சாத்தப்பட்டது. போத்தல் பாலும் மஞ்சளும் வெளியே நின்றன.

பாமன்கடையில் மிருகங்களுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு சிங்கள டொக்டர் இருந்தார், இளம்பெண். அன்ரியும் பெட்டியுமாக உடனேயே போனோம். காயத்தைத் தைத்துக் கட்டுப்போட்டார். வனவிலங்கு அலுவலகத்துக்கும் அவரே போன் பண்ணிப் பேசி, ஓடத் தொடங்கியதும் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்று எங்களுக்குச் சொன்னார். மாட்டுப்பால் கூடாது, பூனைக்குட்டிக்குக் கொடுக்கும் பால்மாவைத்தான் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சால் கொடுக்க வேண்டும் என்றார். கடைசியில் அன்ரியின் முகத்தைப் பார்த்து, "மேக்கா துவாலென் நெமெய், பயென் தமய் மெரென்னே" என்றார். காயத்தால் இல்லை, இது பயத்தால்தான் சாகும். தூக்கக் கூடாது, தடவக் கூடாது, பக்கத்தில் நின்று கதைக்கக் கூடாது, ஆள் மாறி ஆள் பார்க்கக் கூடாது. தாய் முயல்கூடக் குட்டியோடு படுத்திருப்பதில்லையாம். பொழுதுபடும் மைம்மல் நேரத்தில் வந்து பால் கொடுத்துவிட்டு எட்டப் போய்விடுமாம். பக்கத்தில் இருந்தால் நரிக்கு இடம் தெரிந்துவிடும் என்று அதற்குத் தெரியுமாம்.

திரும்பி வரும்போது காரின் பின்சீட்டில் இருந்து அன்ரி தானாகக் கதைத்தார். அது அவருக்குப் பழக்கமில்லாத விஷயம்.

"அந்தத் தாய் எட்ட நிக்கிறது, குட்டியிலை விருப்பம் இல்லாமல் இல்லை என்ன?"

"இல்லை அன்ரி. விருப்பத்திலைதான் எண்டு டொக்டர் சொல்லுறா."

"ம்" என்றார். அவருடைய கணவர் எப்போதோ தவறிவிட்டார், ஒரே மகன் கனடாவில். ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் எடுக்கும் போனை அன்ரி சுருக்கமாக முடித்துவிடுவதை நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டிருக்கிறேன்.

இனிப் பிரச்சினை வெள்ளவத்தைதான். அடிபட்ட குட்டி ஒன்று ஒரு வீட்டுக்குள் இருக்கிறது என்றால் எங்கள் ஆட்கள் பார்க்காமல் இருப்பார்களா? மனிதருக்கு என்ன வழக்கமோ முயலுக்கும் அதே வழக்கம். கரட் வந்தது. விசுக்கோத்து வந்தது. ஹெவ்லொக் டவுனில் இருந்து யாரோ ஒருவர் சொந்தக்காரரோடு முச்சக்கரவண்டியில் வந்து இறங்கினார். டொக்டர் சொன்னதை அன்ரி சொன்னபோது எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு, "நாங்கள் சத்தம் போடாமல் ஒருக்காப் பாத்திட்டுப் போறம்" என்றார்கள். ஒவ்வொருவருக்கும் தான் ஒருவர் பார்ப்பதால் ஒன்றும் வராது என்ற எண்ணம்.

அப்போதுதான் அன்ரி அந்த வேலையைச் செய்தார். நினைக்க இன்றைக்கும் சிரிப்பு வரும். அவர் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் பாவிக்காத சின்னக் குளியலறை ஒன்று இருந்தது. அதற்குள் வைக்கோலும் பழைய துவாயும் போட்டு, வெளிச்சத்தை மறைத்து, குட்டியை விட்டுவிட்டார். மாம்பழப் பெட்டியைக் கொண்டுவந்து ஹோலின் நடுவில் ஒரு ஸ்டூலில் வைத்து, மேலே வெள்ளைத் துணி போட்டு, சுற்றிவரக் கதிரைகளை அடுக்கினார். வருகிறவர்கள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். குரலைத் தாழ்த்திக் கதைத்தார்கள். "பாவம், நித்திரை போலை" என்றார்கள். "மூச்சு விடுறது தெரியுது" என்று ஒரு அம்மா சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். அன்ரி சேலையோடு தேத்தண்ணித் தட்டத்தை நீட்டி, எல்லாருக்கும் பொதுவாக, "பாத்தது காணும், போட்டு வாங்கோ" என்று சொல்லி அனுப்பினார். வெறும் பெட்டிக்குச் சுகம் விசாரித்துவிட்டு எல்லாரும் திருப்தியாகப் போனார்கள்.

இந்த இரகசியம் எனக்கும் என் கணவருக்கும் மட்டும் தெரியும். மாமிக்குச் சொல்லவில்லை. மாமிக்குச் சொன்னால் தெகிவளை வரைக்கும் சொன்ன மாதிரி.

மைம்மல் நேரத்தில் நான் வேலையால் வந்ததும் சில நாட்களில் அன்ரி என்னைக் கூப்பிடுவார், துவாயைப் பிடிக்க இரண்டாவது கை தேவை என்று. அவர் பால் கொடுக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். முகத்தைக்கூட மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வார். கொஞ்சல் இல்லை, செல்லப்பெயர் இல்லை. குடித்து முடிந்ததும் ஒரு கணம்கூட வைத்திருக்க மாட்டார். நானாக இருந்தால் அந்தக் காதை ஒருக்காத் தடவாமல் விட்டிருக்க மாட்டேன். அவருக்கு ஆசை இல்லை என்றும் இல்லை. கதவைச் சாத்தியபின் கொஞ்ச நேரம் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

குட்டி புல் தின்னத் தொடங்கியதும் இன்னொரு வேடிக்கை. வெள்ளவத்தையில் நாயும் மருந்தும் படாத புல்லுக்கு எங்கே போவது? அன்ரி கண்டுபிடித்தார். பிள்ளையாருக்குச் சாத்தப் பூக்கடையில் விற்கும் அறுகம்புல். ஒவ்வொரு நாளும் போய் வாங்கினார். அன்ரிக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டது என்று கட்டிடம் முழுக்கக் கதை. பூக்கடைக்காரர், "அம்மா, நேர்த்தியோ?" என்று கேட்டாராம்.

"நேர்த்திதான்" என்றாராம் அன்ரி.

ஒரு வெள்ளிக்கிழமை நான் வேலையால் வந்தபோது அன்ரியின் கதவு திறந்து கிடந்தது. அது ஒருநாளும் திறந்து கிடக்கிற கதவு இல்லை. உள்ளே என் மாமி சமையலறைத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். கையில் கோயில் விபூதிப் பொட்டலம். முகம் வெளிறிப்போயிருந்தது.

நடந்தது இதுதான். அன்ரி பூக்கடைக்குப் போயிருந்த நேரம் மாமி கோயிலால் வந்திருக்கிறார். முயல்குட்டியின் பெயரில் ஓர் அர்ச்சனை செய்வித்துக்கொண்டு வந்திருக்கிறார். பெயர் இல்லாததால் என் கணவரின் பெயரையும் நட்சத்திரத்தையும் கொடுத்தாராம். அதன் விபூதியைக் குட்டியின் நெற்றியில் பூசிவிட வேண்டும். அந்தரம் அவசரத்துக்கு என்று அன்ரி எங்களிடம் கொடுத்து வைத்திருந்த சாவியை ஆணியில் இருந்து எடுத்து, கதவைத் திறந்து, ஹோலில் இருந்த பெட்டியின் துணியை விலக்கினால் உள்ளே ஒன்றும் இல்லை. குட்டி தப்பிவிட்டது என்று பதறி, கூப்பிட்டுக்கொண்டே வீடு முழுக்கத் தேடி, கடைசியில் பின் குளியலறைக் கதவைத் திறந்து லைட்டைப் போட்டிருக்கிறார். குட்டி எழும்பிப் பாய்ந்து சுவரில் மோதியது. மறுபடி பாய்ந்து மறுபடி மோதியது. பிறகு எழும்பவில்லை.

அன்ரி அறுகம்புல்லோடு திரும்பி வந்தபோது மாமி வாசலிலேயே நின்று ஓலமிட்டிருக்கிறார். அன்ரி ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், ஒரு தரம் பார்த்து, புல்லை அதற்குப் பக்கத்தில் வைத்து, துவாயால் மூடிவிட்டு, லைட்டை அணைத்துக் கதவைச் சாத்தினார். டொக்டருக்குப் போன் எடுத்தார். தையல் விட்டிருக்கிறது, இரத்தம் கொஞ்சம்தான் என்றார். இப்போது தூக்கினால் நிச்சயம் செத்துவிடும், இருட்டில் விடுங்கள், உயிரோடு இருந்தால் காலையில் கொண்டு வாருங்கள் என்றாராம் டொக்டர்.

நான் போனபோது அன்ரி மாமிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசினால் மாமிக்கும் சுகமாக இருந்திருக்கும். மாமி அழுதுகொண்டே உரத்துத் தேவாரம் சொல்லத் தொடங்க, அன்ரி அவருடைய முழங்காலில் மெல்லக் கையை வைத்தார்.

"அக்கா, மனசுக்கை சொல்லுங்கோ. அவருக்குக் கேக்கும்."

மாமி வாயை மூடினார். கலியாணமாகி வந்த நாளில் இருந்து நான் அவரை அப்படி மௌனமாகக் கண்டதில்லை.

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை, பெட்டி வெறும் பெட்டியெண்டு?" என்று மாமி அன்ரியைக் கேட்டார், காற்றுக் குரலில்.

அன்ரி குளியலறைக் கதவைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார். அவரிடம் இருந்து அவ்வளவு வார்த்தைகளை ஒன்றாக நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

"இவர் வருத்தமாக் கிடக்கேக்கை எத்தினை பேர் வந்தவை. எல்லாரும் நல்ல ஆக்கள்தான். மணி அடிச்ச உடனை இவர் உடம்பிலை போடச் சேட்டு ஒண்டு கேப்பார். பெனியனோடை கிடந்து ஆக்களைப் பாக்கிறது அவருக்கு வெக்கம். நான் பிடிச்சு இருத்தி, கையைத் தூக்கி, சேட்டைப் போட்டு, பொத்தான் பூட்டி விடுவன். அவை போன உடனை கழட்டுவன். திருப்பி மணி அடிக்கும். கடைசியிலை ஒருநாள் காலமை சொன்னார், இண்டைக்கு ஒருத்தரும் வராட்டி நல்லாயிருக்கும் எண்டு. பின்னேரம் மணி அடிச்சுது. அவர் சேட்டுக்குக் கையை நீட்டினார். நான் போட்டு விட்டன். அந்தச் சேட்டோடைதான் போனவர்."

மாமி விபூதிப் பொட்டலத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கினார்.

"அண்டைக்குப் பின்னேரம் வந்தது நான்தானே" என்றார். "தோடம்பழம் கொண்டந்தனான்."

"ஓம் அக்கா."

"இத்தினை வருசமா என்னோடை முகம் முறியாமல் இருந்திருக்கிறாய்."

"உங்களிலை என்ன பிழை? நீங்கள் மணிதான் அடிச்சனீங்கள். கதவைத் திறந்தது நான். டொக்டரின்ரை வாசல்லை எத்தினை பேரை இருத்தி வைச்சனான். என்ரை வாசல்லை ஒருத்தரை இருத்த எனக்கு வாய் வரேல்லை."

வெளியே நடையில் ஆட்களின் சத்தம் கேட்டது. கதை பரவியிருந்தது. நான் எழும்பிப் போய்க் கதவுக்கு வெளியே நின்று, எல்லாரையும் எங்கள் வீட்டு ஹோலுக்குள் இருத்திவிட்டு வந்தேன். என் கணவர் அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினார். நான் திரும்பி வந்தபோது இரண்டு பேரும் அதே இடத்தில் சுவரில் சாய்ந்து இருந்தார்கள். இருட்டிவிட்டிருந்தது. ஒருவரும் லைட் போடவில்லை. பக்கத்தில் எங்கோ இரவுச் சாப்பாட்டுக்குக் கொத்துரொட்டி அடிக்கும் சத்தம் தொடங்கியிருந்தது. மனம் என்னவெல்லாமோ நினைத்தது. ஒரு குட்டி முயலுக்காக இல்லாமல், அந்த இரண்டு பெண்களுக்காக அது பிழைக்க வேண்டும் என்று நான் பிள்ளையாரைக் கேட்டேன். மனதுக்குள்தான் கேட்டேன்.

முதலில் மாமிதான் நிமிர்ந்தார். கதவுக்குப் பின்னால் மெல்லிய சத்தம், கறுக் கறுக் என்று. நிற்கும். மறுபடி கறுக் கறுக். அறுகம்புல்லைக் கடிக்கும் சத்தம்.

மாமி சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு அழுதார். தோள்கள் குலுங்கின, சத்தம் வரவில்லை. அன்ரியின் கன்னத்திலும் ஈரம். கண்ணாடியைக் கழற்றித் துடைக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

"ஒருக்கா மெல்லத் திறந்து பாக்கப் போறியளோ அக்கா?" என்று அன்ரியே கேட்டார்.

மாமி தலையை ஆட்டினார். "வேண்டாம். கேட்டது காணும்."

காலையில் டொக்டர் மறுபடி தைத்தார். கால் பொருந்தியது. சிறிய ஓர் இழுப்பு இருந்தது, ஆனால் பாய்ச்சலில் அது தெரியவில்லை. உடம்பு வைக்க வைக்கக் குட்டி அன்ரியைக் கண்டாலே மூலைக்கு ஓடியது. அவ்வளவு நாளும் பால் கொடுத்த கை, ஒரு நன்றி வேண்டாமா என்று எனக்கு மனத்தாங்கல். அன்ரிக்குப் பெரிய சந்தோஷம். "என்னைக் கண்டும் பயப்பிடுது. இனி அங்கை போய்ப் பிழைக்கும்" என்றார்.

கொண்டுபோய் விடும் நாள் வந்தபோது கட்டிடம் முழுவதும் வழியனுப்பத் தயாரானது. எங்கள் ஆட்கள் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஒருவரை ஏற்றி அனுப்பவே வான் பிடித்துப் போகிறவர்கள். இதற்கும் வான் பிடிக்கலாம், புளிச்சாதம் கட்டலாம் என்று கீழ்வீட்டு அங்கிள் திட்டம் போட்டார். அவரை நிறுத்தியது அன்ரி இல்லை, மாமி. லிப்ட் வாசலில் நின்று, "ஒருத்தரும் வரத் தேவையில்லை. நானே போகேல்லை" என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் யார் கதைக்க முடியும்?

அன்ரியும் என் கணவரும் நானுமாக மூன்று பேர் போனோம். அதே பாலம், அதே கொட்டில். மைம்மல் நேரம். அன்ரி மாம்பழப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பற்றைக்குள் கொஞ்ச தூரம் நடந்து, பெட்டியைப் பக்கவாட்டில் சரித்து, மூடியைத் திறந்து வைத்தார். பிறகு திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்து காரில் ஏறி, கொழும்புப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். கனநேரம் ஒன்றும் இல்லை. பிறகு பெட்டிக்குள் இருந்து ஒரு மண்ணிறப் பாய்ச்சல், ஒரு வளைவு, அவ்வளவுதான். பற்றை அசைந்து நின்றது.

"அன்ரி, போட்டுது" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். மடியில் உள்ளங்கை விரிந்திருந்தது.

அன்ரி இப்போது இல்லை. போன வருஷம் அவர் வருத்தமாக விழுந்தபோது, ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கனடாவில் இருந்து மகன் வந்து உள்ளே இருந்தார். செய்தி தெரிந்து ஆட்கள் தோடம்பழத்தோடு வரத் தொடங்கிய முதல் நாளே, என் மாமி எங்கள் பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் அன்ரியின் கதவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். முழங்கால் வருத்தக்காரி, ஒரு இடத்தில் இருக்க மாட்டாதவர். பகல் முழுவதும் அந்த நடையில் இருந்தார். யார் லிப்டால் இறங்கினாலும் விரலை வாயில் வைத்துக் காட்டுவார்.

"உள்ளுக்கை ஒரு வருத்தக்காரி இருக்கிறா" என்பார், காற்றுக் குரலில். "உங்காலை எங்கடை வீட்டிலை இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ. நீங்கள் வந்தனீங்கள் எண்டு நான் சொல்லுறன்."

மாமியையே தாண்டிப் போகிற துணிவு வெள்ளவத்தையில் யாருக்கும் இல்லை. எல்லாரும் எங்கள் ஹோலில் இருந்து குரலைத் தாழ்த்திக் கதைத்துவிட்டுப் போனார்கள். நானும் உள்ளே போகவில்லை. கஞ்சிப் பையைக் கைப்பிடியில் தொங்கவிட்டதோடு சரி. பின்னேரங்களில் மகன் வெளியே வந்து மாமிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்பார். அம்மா நல்லா நித்திரை கொள்ளுறா என்பார்.

அந்த நாட்களில் அன்ரியின் வீட்டு மணி ஒரு தரம்கூட அடிக்கவில்லை. கடைசிவரைக்கும் அவர் அந்த நீல ஹவுஸ்கோட்டோடுதான் படுத்திருந்தாராம். யாருக்காகவும் எழும்பிச் சேலை மாற்ற வேண்டி வரவில்லை.